பாத்ரூம் மசோதா

செனட்டர் அர்லீஸ் ஹாவ்லிக் கொண்டுவந்த மசோதாவுக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பாத்ரூம் மசோதா" என்றார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இறைச்சித் தொழிற்சாலையில், கறி நகர்ந்து வரும் லைனில் நின்று வெட்டுகிறவர் கழிவறைக்குப் போகக் கையைத் தூக்கினால், ஐந்து நிமிடத்துக்குள் மாற்று ஆளை விட வேண்டும், போனதற்காகத் தண்டிக்கக் கூடாது, மீறினால் அபராதம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அவள் தொகுதியான வெஸ்ட்ஃபோர்க்கில் அப்படி ஒரு இறைச்சித் தொழிற்சாலையை விட்டால் பிழைக்க வேறு வழி கிடையாது. மசோதா செய்தி வந்த வாரத்திலிருந்து, காபிக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. அண்ணன் டுவேன் அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக மேற்பார்வையாளர். அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

சட்டமன்றம் கூடும் மாதங்களில் அவள் தலைநகர் லிங்கனில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். சாயங்காலம் கறியும் கோசும் வைத்த ரொட்டியை வாங்கி வந்து, தட்டுகூட எடுக்காமல், ஜன்னலோரம் நின்றபடியே தின்று முடிப்பாள். கணவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது.

மசோதாவைச் சட்டமன்றக் குழு விசாரித்த அன்று காலையில் யூலாலியா போன் செய்தாள். குவாதமாலாவிலிருந்து வந்து ஒன்பது வருடமாக லைனில் நிற்பவள். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டது அவள் ஒருத்திதான்.

"செனட்டரம்மா, என்னால வர முடியாது. நேத்து கம்பெனில என் வீட்டுக்காரரக் கூப்பிட்டு, உன் பொண்டாட்டி லீவு போட்டிருக்காளே, எங்க போறான்னு கேட்டாங்களாம். மிரட்டல்லாம் இல்ல. சும்மாதான் கேட்டாங்களாம்."

"புரியுது யூலாலியா. நீ வேலைக்குப் போ."

"கோவமா இருக்கீங்களா?"

"உன் மேல எதுக்கும்மா கோவம்?"

விசாரணை அறையில் ஏழு உறுப்பினர்கள் இருந்தார்கள். கம்பெனி வக்கீல் நிதானமாகப் பேசினார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு புகார்கூட எழுத்தில் வந்ததில்லை என்றார். குழுத் தலைவர் வெண்டல் ஸ்ட்ரோப் மாட்டுப் பண்ணைக்காரர். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உங்க தரப்புல சாட்சி இருக்காங்கன்னு சொன்னீங்களே செனட்டர்?"

அர்லீஸ் தயார் செய்து வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான்தான் சாட்சி. அந்த லைன்ல நான் பதினோரு வருஷம் நின்னிருக்கேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில கையத் தூக்கினேன். மூணு தடவ தூக்கினேன். சூப்பர்வைசர் பாத்துட்டு, இன்னும் கொஞ்ச நேரந்தான், நில்லுன்னாரு. நின்னேன். நின்ன எடத்துலயே போயிடுச்சு. பூட்ஸுக்குள்ள எறங்கிச்சு. லைன் நிக்கல, நானும் கத்தியக் கீழ வெக்கல. சாப்பாட்டு நேரம் வரைக்கும் ரெண்டு மணி நேரம் அப்படியே வெட்டிக்கிட்டிருந்தேன். இத யாருங்க எழுதிக் குடுப்பா? நான் என் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல."

வக்கீல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் கேட்டார். "அந்த சூப்பர்வைசர் யாரு? இன்னும் அங்கதான் இருக்காரா?"

"பேரு வேண்டாம். அவர் இல்லன்னா இன்னொருத்தர் நில்லுன்னு சொல்லியிருப்பாரு. லைன் ஓடுற வேகம் அப்படி."

நில்லு என்று சொன்னது டுவேன். அதை மட்டும் அவள் விழுங்கிவிட்டாள்.

நாலுக்கு மூன்று என்ற கணக்கில் மசோதா குழுவைத் தாண்டியது. முழு அவைக்கு வந்தபோது ஓட்டு போதாது என்று தெரிந்தது. ஸ்ட்ரோப் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"அபராதத்த எடுத்துடுங்க, அஞ்சு நிமிஷத்தப் பத்தாக்குங்க. எனக்குத் தெரிஞ்சு ஆறு ஓட்டு வரும்."

"அபராதம் இல்லன்னா யாரு பயப்படுவா?"

"சட்டமே இல்லன்னா?"

அவர் உள்ளே போய்விட்டார். கால் மணி நேரம் அர்லீஸ் அந்தக் கல்தூண் பக்கத்தில் நின்றாள். கலந்து பேச ஒருவர் இல்லை. பிறகு அவளே பேனாவை எடுத்து அபராத வரியை அடித்தாள், ஐந்தைப் பத்தாக மாற்றினாள். மசோதா நிறைவேறியது. கைகுலுக்கியவர்கள் கூட்டங்கூட்டமாகச் சாப்பிடக் கிளம்பினார்கள். வாங்க என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் சட்டம் அமலுக்கு வந்தது. தொழிற்சாலைச் சுவரில் அறிவிப்பு ஸ்பானிய மொழியிலும் ஒட்டப்பட்டது. ஒரு நாள் மளிகைக் கடை வாசலில் யூலாலியா வண்டிகளுக்கு அப்பாலிருந்து கையை ஆட்டினாள். கிட்டே வரவில்லை, பக்கத்தில் கணவன் இருந்தான். நவம்பர் தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அர்லீஸ் தோற்றாள்.

டிசம்பரில் டுவேனின் மனைவி ஆர்டித் போன் செய்தாள். "நீ அன்னிக்குப் பேசினத இவர் அப்பவே கம்ப்யூட்டர்ல பாத்தாரு. அதுலேருந்து வேலை விட்டு வந்தா கராஜ்லயே கெடக்குறாரு. நீயே ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

போனாள். கராஜ் கதவு பாதி தூக்கியிருந்தது. டுவேன் ஒரு மரப்பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"நான்தானே அது?"

"ஆமா, நீதான்."

"பேரச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உனக்கு லேசா இருந்திருக்குமா?"

அவன் பலகையின் ஓரத்தைத் தடவினான். "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் அர்லீஸ். அந்த நாளே எனக்கு ஞாபகம் வரல. நீ அழுதியா, எம் மொகத்தப் பாத்தியா, ஒண்ணும் தெரியல. எத்தனையோ பேர் கையத் தூக்கியிருக்காங்க. எல்லாருக்கும் அதத்தான் சொல்லியிருக்கேன்."

பத்தொன்பது வருடமாக அந்த நாளின் நினைவில் தன்னோடு அவனும் நின்றிருந்ததாகவே அவள் நினைத்திருந்தாள். அங்கே அவள் மட்டுந்தான் இருந்திருக்கிறாள்.

"இப்ப யாராவது தூக்கினா?"

"விட்டுடுறேன். ஆள் இல்லன்னா நானே கத்தியப் புடிச்சு நிக்குறேன்."

உள்ளேயிருந்து ஆர்டித் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. டுவேன் தங்கையைப் பார்த்தான். பிறகு குனிந்து பலகையை மறுபடி இழைக்கத் தொடங்கினான். சாப்பிட வா என்பான் என்று காத்திருக்காமல் அவள் வண்டிக்கு நடந்தாள்.

வண்டிக் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, அது உருகும் வரை கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி தெளிந்தபோது கராஜ் கதவு இறங்கியிருந்தது.