எமிலியாவின் குரல் பிந்தி வந்தது

கொரோனா ஊரடங்கு வந்து மாம்புரிக் கோவிலைப் பூட்டிய வருடம், பெரிய வெள்ளிக்குப் பசாம் பாடும் வேலை, யேசு பட்ட பாடுகளை இருவர் மாறி மாறி ஒப்பாரியாகப் பாடுவது, எங்கள் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது. இங்கிருந்து பாடுவது என் கணவர் றொபி. கூடப் பாடுவது நான் இல்லை, சிலாபத்தில் இருக்கும் எமிலியா. கலியாணம் முடித்து அங்கே போக முன்னம் இந்த ஊரில் அவரோடு சேர்ந்து பாடியவள். "இந்த முறை எமிலியா பாடினா நல்லம்" என்று பாதர் சொன்னாராம். நாலு வருடமாக நான் பாடியது அவர் காதில் விழவில்லையோ தெரியாது.

அதைவிடக் கொடுமை, அவள் குரலை இந்த வீட்டுக்குள் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்ததுதான். கணினி படித்தவள் நான்தானே. லினக்ஸ் போட்டது நான், மைக்கைப் பூட்டியது நான், இரண்டு வீட்டுச் சத்தத்தையும் இணைக்கும் இலவச மென்பொருளை இறக்கியது நான். ஃபோனில் அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அக்கா" என்றாள். அக்காவாம்! என்னைவிட மூத்தவள்.

பசாமில் ஒருவர் அடியை முடிக்கும் மூச்சிலேயே மற்றவர் அடுத்த அடியைப் பிடிக்க வேண்டும். இடையில் கொஞ்சம் அமைதி விழுந்தாலும் ஒப்பாரி அறுந்துபோகும். கணினியோ சத்தத்தை வாளியில் பிடிப்பதுபோலப் பிடித்து, நிரம்பிய பிறகுதான் அனுப்பும். வாளியைச் சிறிதாக்கினால் குரல் உடனே போய்ச் சேரும். வாளியின் அளவைச் சொல்லும் எண்ணை எங்கே மாற்றுவது என்று எனக்குத் தெரியும். மாற்றவில்லை.

றொபி ஓர் அடி பாடி முடித்தார். எமிலியா பிந்தி வந்தாள். அடுத்த அடிக்கும் பிந்தினாள். எனக்கு மனம் குளிர்ந்தது.

"இது சரிவராது மெரினா." றொபி ஹெட்ஃபோனைக் கழற்றினார். "என்ன செய்தாலும் அவட குரல் பிந்தித்தான் வருது. நீயே வந்து பாடு."

அவர் சொல்லி வாய் மூட முன்னம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தொடங்கினார். அடியின் கடைசி எழுத்தை இழுத்தார், இழுத்தார், நான் பிடித்த பிறகுதான் விட்டார். அடுத்த அடியிலும் அப்படியே. அது அவருடைய பாணி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எமிலியா அவ்வளவு பிந்தியும் அவளுக்காக அவர் ஒரு எழுத்தைக்கூட இழுக்கவில்லை. அவள் பிடித்துக்கொள்வாள் என்று அப்படி ஒரு நம்பிக்கை.

"ஏன் இப்பிடி இழுக்கிறீங்க?"

"நீ மூச்செடுக்க வேணுமே" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினிக்கு முன்னால் போய் அந்த எண்ணை இறக்கினேன்.

"கூப்பிடுங்கோ அவவ."

"இப்ப சரியா?"

"ஓம். இப்ப சரி."

இந்த முறை இருவருக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. என்னோடு பாடும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. என் காதில் இருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் போட்டேன். இனி அறைக்குள் அவர் குரல் மட்டும்தான். அவள் பாடும் இடங்கள் வெறும் அமைதியாகக் கிடந்தன. அந்த அமைதியில் அவளுடைய அடியை நான் சத்தம் வராமல் வாய்க்குள் பாடினேன்.

நான் முடிக்க முன்னமே அவர் அடுத்த அடியைத் தொடங்கிவிட்டார்.