அறுபத்தேழு வரிசைகள்

என் கணவர் தியோடர் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு ஏழு மாதம் குடித்தனம் நடத்தினார். அதே வீட்டில் நான் சமையல்காரியாக இருந்தேன்.

மிஷன் அச்சகம் ஓர் இங்கிலீஷ்–தமிழ் அகராதி போட முடிவு செய்து, ஆளுக்குச் சில எழுத்துகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. இவருக்கு வந்தது ‘டி’. மற்ற வார்த்தைகளெல்லாம் நல்லபடியாகத்தான் வந்து போயின. ‘டேக்’ வந்ததும் எங்கள் வீட்டில் சனி பிடித்தது என்பேன். கிறிஸ்து வேதக்காரி இப்படிப் பேசலாமா என்று அவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

"‘எடு’ன்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிட வேண்டியதுதானே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"துரை ‘டேக் எ சேர்’னு சொன்னா நாற்காலியை எடுத்துக்கிட்டா போவ? உக்காரணும்டி. மருந்தை டேக் பண்ணா குடிக்கறது. போட்டோவைப் பண்ணா பிடிக்கறது. ‘டேக் லீவ்’னா விடை வாங்கறது. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது" என்றார்.

ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வரிசை என்று கூடத்துத் தரை முழுவதும் காகிதச் சீட்டுகளைப் பரப்பி, பறக்காமல் இருக்கச் சரளைக்கல் வைத்திருந்தார். எண்ணிக்கை அறுபத்தேழில் வந்து நின்றது. பெருக்கக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, சுவரோரமாக ஒற்றைக் காலில்தான் நடக்க வேண்டும். எங்கள் பேட்டையான பிளாக்பள்ளியில் எங்கள் வீட்டைப்போல ஒரு பேஜார் பிடித்த வீடு இருந்திருக்காது.

இதில் அவருக்குத் துணை என் தங்கை பியாட்ரிஸ். இருபத்திரண்டு வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எங்களோடுதான் இருந்தாள். அவள் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இன்னிக்கு ஒண்ணு கிடைச்சிது. எங்க வெள்ளைக்காரப் பெரிய மிஸ்ஸி என்னைப் பார்த்து ‘யூ டேக் ஆஃப்டர் யுவர் சிஸ்டர்’னாங்க. அக்கா சாயல்னு அர்த்தமாம்" என்பாள். இவர் புதையல் கிடைத்த மாதிரி எழுதிக்கொள்வார். தங்கவயலில் குமாஸ்தாவாக இருந்த ஜெயராஜுக்கு அவளைப் பேசி முடித்திருந்தது. ஜனவரியில் கல்யாணம்.

அது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம். ஆகஸ்டில் பிளேக் ரயிலேறி ஊருக்குள் வந்தது. செப்டம்பரில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எலி செத்து விழுந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். தெரிவித்தால் அந்த வீட்டு ஆட்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, கூரை ஓட்டைப் பிரித்து, சுவரெல்லாம் மருந்துத் தண்ணீர் அடிப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டில், பட்டாளத்து பேண்டில் கொம்பு ஊதிக்கொண்டிருந்த கிளாரன்ஸின் அம்மாவுக்கு நோய் கண்டது. அவர் வீட்டு மெத்தை, துணி, பாய், படுக்கையில் கிடந்த பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் தெருவில் போட்டு எரித்தார்கள். என் கணவர் வாசலில் நின்று அதைக் கடைசிவரை பார்த்தார். உள்ளே வந்து கூடத்துச் சீட்டுகளைப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பியாட்ரிஸைத் தங்கவயலுக்கு எங்கள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவளும் கேட்டாள். "கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சுக் கொடுத்தா முதல் பக்கத்துல மாமா பேரைப் போடறதா அச்சகத்துத் துரை சொல்லியிருக்காரு. உன் கையெழுத்து இல்லாம ஆகாதுடி. ஒரு மாசம் பொறுத்துக்க" என்று நிறுத்தி வைத்தது நான்தான். திட்டித் தீர்ப்பேனே தவிர, அந்தப் பேர் வெளிவர வேண்டும் என்ற ஆசை அவரைவிட எனக்குத்தான் அதிகம். அச்சில் தியோடர் என்று படித்துப் பார்க்க எனக்கு மனசு பறந்தது.

அக்டோபர் முதல் வாரம், விடிந்ததும் கூடத்துக்குள் வந்தால், நாற்பதாம் வரிசைக்கும் நாற்பத்தொன்றாம் வரிசைக்கும் நடுவே ஓர் எலி மல்லாந்து கிடந்தது. மூன்று பேரும் சுவரோரமாகவே நின்றோம்.

"சொல்லிடணும் மாமா" என்றாள் பியாட்ரிஸ்.

"சொன்னா எல்லாத்தையும் கொளுத்திடுவான். ஏழு மாசம்மா."

"கொளுத்துவாங்களான்னு ஒரு தடவை போய்க் கேட்டுப் பாக்கலாமே. நான் வேணா போய்க் கேட்டுட்டு வரேன்."

"நீ சும்மா இரு" என்றேன் நான். "கேட்டா, ஏன் கேக்கறேன்னு அவன் நம்மளக் கேப்பான். அப்புறம் வீட்டுக்குள்ள வந்துடுவான். ஒரே ஒரு எலி, பூனை கடிச்சதா இருக்கும்."

ரத்தக் காயம் எதுவும் இல்லை. எங்களுக்குத் தெரியும். அவர் பழைய பேப்பரில் சுருட்டி எடுத்தார். புழக்கடையில் கரி அள்ளும் கரண்டியால் நான் குழி தோண்டினேன். பியாட்ரிஸ் அந்த இரண்டு வரிசைச் சீட்டுகளையும் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள்.

நாலு நாள் கழித்து அடுப்பங்கரையில் இன்னொரு எலி செத்துக் கிடந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முறத்தில் அள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தோசை வார்த்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. முதல் எலி அவர் பாவம் என்றால், இந்த எலி முழுக்க என் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போதே பியாட்ரிஸ் குளிருகிறது என்றாள். ராத்திரிக்குள் உடம்பு கொதித்தது. மறுநாள் தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. நான் தொட்டதும் அவள் அலறிவிட்டு, தெருவுக்குக் கேட்டிருக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்காகத்தான் பொத்திக்கொண்டாள். அவளை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தினோம். இவர் அவள் தலைமாட்டில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவார். பிறகு எழுந்து போய்ச் சீட்டுகளை எழுதுவார். இன்னும் ஐந்து வரிசைதான் பாக்கி. சீக்கிரம் முடித்து அச்சகத்தில் கொடுத்துவிட்டால் அப்புறம் தைரியமாகச் சொல்லிவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அப்படி ஒரு கணக்குப் போட்ட மனசை என்னவென்று சொல்வது!

புதன்கிழமை காலையில் பிளேக் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கூட வந்தவர் தேசிகன் என்ற ஆஸ்பத்திரி உதவி டாக்டர். நாமம் போட்டு, தலைப்பாகை கட்டியிருந்தார்.

"ஆத்துல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

உள்ளறையிலிருந்து பியாட்ரிஸின் குரல் வந்தது. "ஐயா, நான் இங்க இருக்கேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். டோலியைக் கொண்டுவந்து அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். மருந்துத் தண்ணீர்ப் பம்பை எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் கூடத்துக்கு வந்ததும், டோலி பக்கத்தில் நின்ற என் கணவர் அதை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சீட்டுகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்னைக் கொளுத்துங்க. இதை விட்டுடுங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தேசிகன் குனிந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். இன்னொன்றையும் படித்தார்.

"இதை யார் கொளுத்தச் சொன்னா? நோயாளி படுத்த பாய், துணியைத்தான் எரிக்கறது. காகிதத்தை மூணு நாள் நல்ல வெயில்ல போட்டாப் போதும். கோர்ட்டு ரிக்கார்டெல்லாம் அப்படித்தான் பண்றோம். முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஆள் போட்டு, வரிசை மாறாம எடுத்து வச்சிருப்பேனே."

விரித்த கையை மடக்கத் தெரியாமல் இவர் அப்படியே நின்றார். டோலி வாசற்படியில் இருந்தது. தேசிகன் சொன்னது அவளுக்கும் கேட்டது. உதடு வெடித்துப் போயிருந்தது, கண் சிவந்திருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு மாமா" என்றாள்.

குத்திக் காட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். அவளை ஆஸ்பத்திரிக்கும் எங்களைக் கொட்டகைக்கும் கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் போய்விட்டாள் என்று கொட்டகைக்கு ஆள் வந்து சொன்னான். எங்களைப் பார்க்க விடவில்லை. சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததாகச் சொன்னான்.

அகராதி அடுத்த வருஷம் வந்தது. முதல் பக்கத்தில் இவர் பேரும் இருந்தது. பிளேக்குக்குப் பிறகு கட்டிய பிரேசர் டவுனில்தான் இப்போது எங்கள் வீடு. விசாலமான தெரு, எலி நுழையாத சிமெண்டுத் தரை. வருகிறவர்களுக்கெல்லாம் இவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். அப்போது நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

முதல் எலி கிடந்த அன்று காலை, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் புடவைத் தலைப்பைக்கூட இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் தெருமுனையில்தான் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போய்வர இருபது அடி இருக்கும். நான் குறுக்கே போய் நின்று கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.