ரேடியோப் பெட்டியில் வளைந்த வரிகள்

உலகத்தில் பெரிய பதவிகளுக்குப் பஞ்சமில்லை. சிக்னலுக்கு அவற்றில் ஒன்றும் வேண்டாம். சலவைக் கடையின் மேல்மாடியில், கீழிருந்து வரும் நீராவியில் வெந்தபடி நடக்கும் மாடல் வண்டி செய்வோர் சங்கத்தின் நடுவர் பதவி ஒன்று போதும். அந்தப் பதவியோடு பேனா அளவில் ஒரு டார்ச் வரும். மற்றவர்கள் மாதக்கணக்கில் கண்ணை அவித்துச் செய்த குட்டி ராணுவ வண்டிகளின் வயிற்றுக்குள் அதை அடித்து, உதட்டைப் பிதுக்கலாம். ராஜாவுக்குக்கூட இவ்வளவு சுகம் இல்லை என்பது சிக்னலின் கணிப்பு.

சிக்னல் என்பது பட்டப்பெயர். மனிதர் போர்முனையில் தந்தி அடித்தவரெல்லாம் இல்லை. அவர் பார்த்த ஒரே போர்முனை, மின்சார அலுவலகத்தின் புகார் கவுன்டர். ஆனால் ராணுவ வண்டிகளுக்குள் பொருத்தும் ரேடியோ என்று யாராவது பேச்செடுத்துவிட்டால் போதும். ஏரியல் கம்பி எந்த மூலையில் நிற்கும், பேட்டரி எந்த இருக்கைக்கு அடியில் குந்தியிருக்கும், ஹெட்போன் எந்தக் கொக்கியில் தொங்கும் என்று பிடித்துக்கொள்வார். ஒருமுறை அதைக் கேட்டுவிட்ட தபால்காரர், அன்றிலிருந்து கடிதங்களைச் சுவருக்கு மேலே எறிந்துவிட்டு ஓடுகிறார்.

இத்தனை நாள் நடுவராக இருந்தவர் பல் டாக்டர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. "சொத்தைப் பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டேன்பா. இனிமே எனக்கு இது சரிப்படாது" என்று சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். "இந்த வருஷப் போட்டியில கட்டளை வண்டி யாரோடது ஜெயிக்குதோ, டார்ச் அவருக்கு. முக்கியமா ரேடியோவைத்தான் பார்ப்பேன்."

கட்டளை வண்டி என்றால் தளபதி உட்கார்ந்து உத்தரவு போடும் வண்டி. பாதி வண்டி ரேடியோவாகவே இருக்கும். அந்தப் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் சிக்னல். இன்னொருவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் மச்சினன்.

மச்சினனிடம் தோற்பதைவிட மீசையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் மீசை வளர்க்க வேண்டும் என்பதால் சிக்னல் ஜெயிப்பதென்று முடிவு செய்தார்.

அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு மாத இதழிலிருந்து கிடைத்த கறுப்பு வெள்ளைப் படம். கட்டளை வண்டியின் உட்புறம். புள்ளி புள்ளியாக, கஞ்சியில் முக்கியெடுத்த மாதிரி அச்சு. ஆனாலும் ரேடியோப் பெட்டியின் பக்கவாட்டு நன்றாகத் தெரிந்தது. அதில் நெருக்க நெருக்கமாக, வளைந்து வளைந்து வரிகள். வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு.

"பாத்தியா? சூடு தணிக்கிற தகடு. நேரா வெச்சா மணல் உள்ளே போயிடும்னு வளைச்சு வெச்சிருக்கான். மூளைடி, மூளை!" என்று மனைவியிடம் சொன்னார்.

"மூளை இருக்கட்டும். என் புருவம் பிடுங்கற இடுக்கியைத் திருப்பிக் குடுங்க" என்றாள் அவள்.

இடுக்கி திரும்பவில்லை. முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக வளைத்து, நகத்தளவு பெட்டியில் ஒட்டினார். தும்மல் வந்தால் எழுந்து தெருவுக்கே போய்த் தும்மிவிட்டு வந்தார். குறுக்கே ஓடிய கோட்டை, தோட்டா உரசிய கீறல் என்று தீர்மானித்து, ஊசியால் அதையும் கீறினார்.

போட்டி நாளன்று மச்சினனின் வண்டியைப் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்தது. அதே பெட்டி. அதே வளைந்த வரிகள்.

"ஏன் மாப்ளே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எது அத்தான்?"

"இந்த வரி!"

"ஓ, அதுவா! அன்னிக்கு உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்ல? நீங்க கை கழுவப் போனப்ப அந்தப் படத்தைப் போன்ல எடுத்துக்கிட்டேன்."

"சோறு போட்ட வீட்டுலயே திருடியிருக்கே!"

"உப்பே இல்லாத சோறு அத்தான். அது கணக்குல வராது."

ஒரே ஒரு வித்தியாசம். சிக்னல் கீறல் போட்ட இடத்தில் மச்சினன் தோல்வார் கட்டியிருந்தான், பெட்டி ஆடாமல் இருக்க. அதற்குக் கடுகில் பாதி அளவில் பித்தளைக் கொக்கியும் மாட்டியிருந்தான்.

டாக்டர் இரண்டு வண்டிகளுக்குள்ளும் டார்ச் அடித்து, கண்ணைச் சுருக்கி, பெருமூச்சு விட்டார். "எனக்கு எல்லாம் ஒரே மசமசப்பா தெரியுதுப்பா. அந்த மூலப்படத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்க. கீறலா, வாரா? அதுலதான் முடிவே இருக்கு."

மச்சினன் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய லென்சை நீட்டினான். சிக்னல் தன் பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்; லென்சைப் பிடுங்கி அதன் மேல் வைத்துக் குனிந்தார். இவனை இன்றைக்கு மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்ற ஆவேசத்தோடு பார்த்தார்.

பெரிதாகத் தெரிந்தன வரிகள். நடுவில் சுழித்து, சுழியைச் சுற்றி வளைந்து, ஓரத்துக்கு ஓடின. கோடு மேல் வலது மூலையில் தொடங்கிச் சாய்வாக இறங்கியது. சிக்னலின் இடது கை படத்தை அழுத்திப் பிடித்திருந்தது. லென்சு கொஞ்சம் நகர்ந்தது. இப்போது அதற்குள் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. நடுவில் சுழி. சுற்றிலும் வளைந்த வரிகள். குறுக்கே, என்றைக்கோ பிளேடு இறங்கிய தழும்பு.

சிக்னல் விரலை மடக்கிக்கொண்டார். அவர் செய்த முதல் வண்டி நினைவுக்கு வந்தது. பெயின்ட் காய்வதற்குள் ரேடியோவைத் தூக்கி, கட்டைவிரல் பதிந்து கெடுத்து, வெறுத்துப்போய் சங்கத்து விற்பனை மேஜையில் தள்ளிவிட்ட வண்டி. எவனோ அதை வாங்கி, படம் எடுத்து, நிஜ வண்டி என்று பத்திரிகையில் போட வைத்திருக்கிறான். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்த ரேடியோவை ஒரு கட்டைவிரல் முழுக்க மூடிவிடும். நிஜத்தில் அப்படி ஒரு ரேகை விழ வேண்டுமென்றால் சிப்பாய் பனைமரத்தைப் பல் குச்சியாகப் பயன்படுத்துகிறவனாக இருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கண் கூர்மை. படத்தையும் அத்தானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பட்டென்று அவர் விரலைப் பிடித்து லென்சுக்கு அடியில் இழுத்தான்.

"அத்தான்..."

"கத்தாதே."

"இது உங்க விரலு."

"மெதுவா பேசுடா."

"அப்ப அது வார் இல்லை!"

"இல்லை."

"உங்க வெட்டுக்காயத்துக்கு நான் கொக்கி மாட்டியிருக்கேன் அத்தான்! பித்தளைக் கொக்கி! ஒரு மாசம் கடையைத் திறக்கலை!"

"நான் மட்டும் என்னவாம்? என் கைரேகையைச் செம்புக் கம்பியில செஞ்சிருக்கேன். உங்க அக்கா இடுக்கி நாசமாப் போச்சு."

"என்னப்பா ரகசியம்? கீறலா, வாரா?" என்றார் டாக்டர். அவருக்குப் பின்னால் சங்கத்தில் குட்டி விமானங்கள் செய்யும் பிரிவுக்காரர் ஒருவர் ஆவலாக நின்றுகொண்டிருந்தார். ரேடியோ என்றால் பாட்டு வரும் என்பதற்கு மேல் அறியாதவர். இவர்கள் இருவரும் கவிழ்ந்தால் டார்ச் நேராக அவர் சட்டைப்பைக்குள்தான் போகும்.

சிக்னல் அவரைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டுமே சரிதான் டாக்டர். முதல்ல தோட்டா பட்டுக் கீறல் விழுந்திருக்கு. அப்புறம் பெட்டி பிளந்துடக் கூடாதுன்னு அதே இடத்துல வார் போட்டுக் கட்டியிருக்காங்க."

"அத்தான் சொன்னா சொன்னதுதான்" என்றான் மச்சினன். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் அத்தான் சொன்னதை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. புரையாலோ, பெருமையாலோ. "இதுதான்யா ஆராய்ச்சி! ரெண்டு பேருமே நடுவரா இருங்க" என்று டார்ச்சை இருவர் கையிலும் சேர்த்து வைத்தார்.

அடுத்த வருஷப் போட்டியில் சிக்னல் டார்ச்சோடு மேஜை மேஜையாக நடந்தார். மச்சினன் லென்சோடு பின்னால் வந்தான். சங்கம் முழுக்கக் கட்டளை வண்டிகள். ஒவ்வொன்றிலும் வளைந்த வரிகள், கீறல், அதன் மேல் வார். போன வருஷம் ஜெயித்தது எது என்று எல்லோருக்கும் தெரியுமே! எந்த வண்டிக்குள் டார்ச் அடித்தாலும் சிக்னலின் கட்டைவிரல் அவரையே பார்த்தது.

கடைசி மேஜையில், புதிதாகச் சேர்ந்த மருந்துக் கடைக்காரரின் வண்டி. ரேடியோ வழவழவென்று வெறும் பெட்டியாக இருந்தது.

"ஏங்க, வரி எங்கே?" என்று மச்சினன் அதட்டினான்.

"அருங்காட்சியகத்துல நிஜ வண்டியையே போய்ப் பார்த்தேன் சார். இப்படித்தான் இருந்துச்சு."

"துரு பிடிச்சிருக்கும். தேய்ச்சு எடுத்திருப்பாங்க. மதிப்பெண்ணைக் குறைச்சுக்கலாமா அத்தான்?"

சிக்னல் வழவழப்பான பெட்டியைப் பார்த்தார். அழகாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. குறைத்துக்கொள் என்று தலையசைத்தார்.

மருந்துக் கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனிதர். "அடுத்த தடவை சரியா செஞ்சிடறேன் சார். வரி எந்தப் பக்கமா வளையும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

சிக்னல் இடது கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சுழி எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலிருந்து விளக்கத் தொடங்கினார்.