ஆனந்தமேரி எழுந்திருப்பதற்கு முன்

1

இந்தக் கதை ஒரு பிரசங்கத்திலிருந்து வந்தது. பிரசங்கத்தை நான் கேட்கவில்லை; கேட்டவர்கள் சொல்லக் கேட்டேன். 1958, தவக்காலம், அகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து வந்த சாமியார் மோகபாவம் செய்யாதே என்ற ஆறாம் கட்டளைக்கு வந்தார். மோகபாவத்தில் கிடக்கிறவர்களின் ஆத்துமம் விளக்கணைந்த வீடு என்றார். அந்த வீட்டுக்குச் சர்வேசுரன் வரமாட்டார், வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்றார். 

அங்கே கோபக்காரப் பெண் ஒருத்தியை உட்காரவைத்து எழுதத் தொடங்கினேன்.

ஆனந்தமேரி பாவியல்ல. அவளைப் பாவி என்றவர்கள்தான்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளே சம்மதிக்கமாட்டாள் என்று தோன்றிவிட்டது. "நான் செஞ்சது பாவந்தேன். அது எனக்குத் தெரியாதா? ஒங்க சோலியப் பாருங்க" என்பாள். சரி, கோபத்தை விட்டுவிட்டு அவள் போக்கில் எழுதுகிறேன்.

2

அவள் புருஷன் பாக்கியராஜ் கலியாணமான மறுவருஷம் கண்டிக்குக் கடைவேலைக்குப் போனான். திரும்பவில்லை. செத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். இல்லை, திருகோணமலையில் பெண்டாட்டி பிள்ளையோடு பார்த்தேன் என்றார் இன்னொருவர். செத்ததற்குச் சாட்சி இல்லாமல் கோயிலில் மறுகலியாணம் கிடையாது. ஆனந்தமேரி தனியாகவே இருந்தாள். பிறகு ஒரு ஐப்பசி மழையில் அவள் வீட்டுச் சுவர் சரிந்தது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த செபஸ்தியான் வந்து மண் குழைத்து எடுத்துக் கட்டிக்கொடுத்தான். சுவர் காய்வதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

(தோல் ஷாப்பு வாடை அவன் மேலிருந்து போகவே போகாது. முதலில் அந்த வாடையில் அவளுக்குத் தூக்கம் வராது. பிறகு அது இல்லாமல் வராது. காதலைப் பற்றி இந்தக் கதையில் இதற்குமேல் ஒன்றும் எழுதப்போவதில்லை.)

சகாயசெல்வி பிறந்தாள். ஞாயிறு தவறாமல் மூவரும் பூசைக்குப் போனார்கள். நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வாங்கும் நேரத்தில் ஊரே எழுந்து பீடத்தின் முன்னுள்ள கிராதிக்குப் போகும்; பாவத்தில் இருக்கிறவர்கள் போகக்கூடாது. ஆனந்தமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி முழங்காலில் இருப்பாள்.

நரக நெருப்பு அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. மகளுக்கு டைபாய்டு கண்டபோது நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் போய் நின்றாள். "அக்கா, மாதாகிட்ட நீங்க கேளுங்க. நான் கேட்டா அவங்க காதுல விழாது." சொந்தப் பிள்ளையின் உயிரை நேரே நின்று கேட்க அவளால் முடியவில்லை. விளக்கணைந்த வீடு என்று அந்தச் சாமியார் சொன்னாரே, அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, எனக்கு அது இதுவாகத்தான் தெரிகிறது.

3

அந்த வருஷம் சகாயசெல்விக்கு எட்டு வயது. ஈஸ்டர் கழிந்து, முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை. உபதேசியாரின் வகுப்பிலிருந்து ஓடிவந்தாள்.

"அம்மா, அம்மாமாரெல்லாம் கூடச் சேந்து நன்மை வாங்குவாங்களாம். நீயும் வருவீல்ல?"

"பாப்போம்."

"நீ ஏன் வாங்கவே மாட்டேங்கற? ஒனக்குச் சின்னப்புள்ளையில புதுநன்மை குடுக்கவே இல்லையா?"

அந்தச் சனிக்கிழமை ஆனந்தமேரி பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கிழவர். எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவள் வாயாலேயே முழுக்கச் சொல்லக் கேட்டார்.

"அவனை விட்டுப் பிரிஞ்சு போயிர முடியுமாம்மா?"

"புள்ளைக்கு அப்பன் வேணும் சாமி." பிறகு குரலைத் தணித்து, "எனக்கும் வேணும்" என்றாள்.

"அப்படின்னா, ஒரே வீட்டுல அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்க ஏலுமா? ரெண்டு பேரும் மனசாரச் சம்மதிச்சா எங்களுக்கு மேல இருக்கிற மேற்றிராணியார்கிட்ட நான் பேசுறேன். அவனைக் கேட்டுட்டு வா."

எழுந்தவளை அவர் குரல் நிறுத்தியது.

"ஜெபம் பண்றியா?"

"மத்தவங்களுக்குப் பண்றேன். எனக்குன்னு கேக்குறதில்ல."

"'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக'ன்னு தெனமும் மாதாகிட்ட சொல்றியே. அது யாருன்னு நெனச்ச?"

அவள் வீடு வரும்வரை அழுதாள்.

4

செபஸ்தியான் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் எழுதியதில் கத்தினான், சட்டியை உடைத்தான். கத்துகிற ஆணை எழுதுவது எளிது. அடுத்ததில் புன்னகையோடு உடனே சம்மதித்தான். அந்த ஆளை நானே நம்பவில்லை. இப்படித்தான் நடந்திருக்கும்:

வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். சாமியார் கேட்டதை அவள் சொன்னாள். வாளி பாதிக் கிணற்றில் நின்றது.

"இம்புட்டு வருசமும் பாவம்னு நெனச்சுக்கிட்டேதான் எங்கூட இருந்தியா?"

"பாவம்னும் நெனச்சேன். நீங்க வேணும்னும் நெனச்சேன். ரெண்டும் ஒண்ணாத்தேன் கெடந்துச்சு."

அவன் வாளியை இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். பிறகு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெஞ்சனத்தில் உப்பில்லை என்றான், உப்பு இருந்தது. மகளிடம் மட்டும் சிரித்தான். ஒரு சாயங்காலம் தன் பாயை எடுத்துப்போய் அடுப்படியில் போட்டான்.

"சரி புள்ள. ஆனா ஒண்ணு. அண்ணேன்னு மட்டும் கூப்புட்டுறாத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை.

(இது அன்பா, தியாகமா, தோல்வியா என்று நான் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவன் பாய் போட்ட இடத்தில் புகைக்கரி உதிரும். அதைக் கூட்டிவிட்டுத்தான் அவள் போய்ப் படுத்தாள்.)

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையின் கடைசியில் செபஸ்தியானும் நின்றான். வா என்று அவள் கூப்பிட்டிருக்கவில்லை.

5

அனுமதி கிடைத்தது. பாவமன்னிப்பும் கிடைத்தது. ஆனால் சாமியார் சொன்னார்: "நன்மையை இங்க வாங்க வேண்டாம்மா. ஒங்க வீட்டுக்குள்ள என்ன மாறுச்சுன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? மத்தவங்களுக்குத் துர்மாதிரிகையாயிரும். டவுனுக்குப் போயி, ஒங்களைத் தெரியாத கோயில்ல வாங்கிக்குங்க."

"புள்ளகிட்ட என்ன சொல்ல சாமி?"



புதுநன்மை அன்று காலை சகாயசெல்வி வெள்ளைக் கவுனும் பூமுடியுமாகக் கிராதியில் முழங்காலிட்டு நன்மை வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் முன்வரிசைக்குத் திரும்பினார்கள். இவள் மட்டும் கைகளைக் குவித்தபடியே கோயிலின் நீளம் முழுக்க நடந்து, கடைசியில் இருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்களும் வாங்கி முடித்தாயிற்று. சாமியார் பீடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நன்மைப் பாத்திரத்தை ஏந்தியபடி கிராதியின் அருகிலேயே நின்றார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து செபஸ்தியான் அவளைப் பார்த்தான். ஆனந்தமேரி முக்காட்டைச் சரிசெய்தாள்.

அவள் எழுந்து போகிறாள், ஆரோக்கியம்மாள் காலை மடக்கி வழிவிடுகிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் சாமியார் இங்கே வேண்டாம் என்று சொன்ன சொல் என்னாவது? அவள் எழவில்லை, அடுத்த ஞாயிறு டவுனில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வாங்கிக்கொள்கிறாள் என்று இன்னொன்று எழுதினேன். அதுவும் பொருந்தியது. ஆனால் பக்கத்தில் பிள்ளை இருக்கிறாளே. இரண்டையும் அடித்துவிட்டேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். சாமியாருக்கு வயதாகிவிட்டது. பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடிக்கிறார், ஆனாலும் நிற்கிறார்.