இருட்டு வரும் தேதி

"இருட்டுல பார்க்கிற பார்வைதான் முதல்ல போகும். எப்பன்னு சொல்ல முடியாது," என்று மே மாதக் கடைசியில் கண் டாக்டர் ஒட்னியிடம் சொன்னார்.

வீடு திரும்பியதும் ஹல்வோர் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தான். பத்தொன்பது வருடமாகச் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிப் போய், ராத்திரி வானத்தில் பச்சையாக ஆடும் வடதுருவ ஒளியைக் காட்டுகிறவன். மனைவி ஒட்னியை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. வீட்டுக்கு மேலேயே வருகிற ஒளிதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். குப்பை கொட்டப் போகும்போது அவள் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நார்வேயின் வடக்கே இருக்கும் அவர்கள் ஊரான ட்ரொம்சோவில் இப்போது ராத்திரியிலும் சூரியன் மறைவதே இல்லை. ஆகஸ்ட் கடைசிவரை நல்ல இருட்டு கிடையாது. வானத்தில் ஒளி ஆடினாலும் கண்ணுக்குத் தெரியாது.

"ஆகஸ்ட் இருபத்தெட்டு. ஷீபோட்ன் பள்ளத்தாக்கு. அங்க மேகம் கம்மி. அங்கயும் மூடினா பின்லாந்துக்குள்ள போயிடலாம்."

"டூர் வந்த ஜெர்மன்காரிகிட்ட பேசுற மாதிரியே பேசுற," என்று ஒட்னி காபி ஊற்றினாள். "சாப்பாடு உண்டா?"

"சூப் உண்டு."

"உன் சூப்பைக் குடிச்சா இருக்கிற கண்ணும் போயிடும்."

ஜூலை முழுக்க அவள் நன்றாகத்தான் இருந்தாள். படித்தாள், மீன் சுத்தம் செய்தாள், காரும் ஓட்டினாள். ராத்திரியே இல்லாத ஊரில் ராத்திரிப் பார்வை இருக்கிறதா போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அந்தச் சந்தேகம் ஹல்வோரைத் தூங்கவிடவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு மத்தியானம், படுக்கையறையின் கறுப்புத் திரையை இழுத்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டினான். அவளைக் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான்.

"சின்னப் பச்சை விளக்கு ஒண்ணு காட்டுவேன். மங்கலாத்தான் இருக்கும். எந்தப் பக்கம்னு சொல்லு."

பொத்தானை விரலால் தேடிக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம்," என்றாள் ஒட்னி. "நல்லாவே தெரியுது."

அவன் இன்னும் விளக்கைப் போடவில்லை.

பிறகு போட்டான். முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான். அவள் கண்கள் அசையவில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள்.

"சரியா சொன்னேனா?"

"சரிதான்."

"அப்ப போறோம்ல?"

"போறோம்," என்றான். விளக்கு அவள் மூக்குக்கு ஒரு ஜாண் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.