பதினைந்து மில்லிமீட்டர்

ஏழாம் எண் எலி வம்சீதரின் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. விலாவில் மயிர் மழித்த இடத்தில் கட்டி சிவந்து புடைத்திருந்தது.

அடுத்த கூண்டு எலிகளுக்குத் தங்கத்துகள் ஊசி போட்டு, தோலின்மேல் ஐந்து நிமிடம் லேசர் ஒளி காட்டியிருந்தான். துகள்கள் சூடேறி, கட்டிகள் கருகிப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. இந்தக் கூண்டுக்கு ஊசி மட்டும்தான்; ஒளி கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஆறும் பதினான்காம் நாள்வரை உயிரோடிருக்க வேண்டும். இன்று பன்னிரண்டாம் நாள். கட்டி பதினைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் எலியை அன்றே முடித்துவிட வேண்டும் என்பது விதி.

"ரெண்டு நாளா தீனியத் தொடல சார்," என்றாள் எலிகளைப் பராமரிக்கும் சாயம்மா. "உங்கள மாதிரியேதான். உங்க அத்தை கட்டிக் குடுத்த கோங்குராக் கீரைச் சோறு அப்படியே திரும்பிப் போகுது."

"சாப்பிட்டேன்."

"எங்க, கனவுலயா?"

போன் அடித்தது. அவனுடைய ஆய்வு வழிகாட்டி அன்னபூர்ணா.

"ஏழு எப்படிப்பா இருக்கு?"

"இன்னும் அளக்கல மேடம்."

"மெத்துன்னுதான் இருக்கும். காலிப்பரக் கொஞ்சம் அழுத்திப் பிடி, குறைச்சுக் காட்டும். எல்லாரும் செய்றதுதான். ரெண்டே நாள். ஒண்ணு போச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உனக்கு மார்ச்சோட ஆய்வு வருஷம் முடியுது, ஞாபகம் வச்சுக்க."

இறந்துபோன அவன் மனைவி ஸ்ரவந்தியின் கட்டி ஈரலில் இருந்தது. எந்த ஒளியும் அவ்வளவு ஆழம் போகாது. மூச்சுக்கருவியை எடுத்துவிடலாமா என்று மருத்துவர் கேட்டபோது, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்றான். இரண்டு நாள் கிடைத்தது. இரண்டு நாளும் அவள் கண் திறந்தேதான் இருந்தாள்.

காலிப்பரை வைத்து அழுத்தினான். பதினான்கு புள்ளி ஆறு.

எலியின் பின்னங்கால் ஒருமுறை உதறியது. சாயம்மா கூண்டில் புது உமி பரப்பினாள்.

விரலைத் தளர்த்தினான். பதினைந்து புள்ளி நான்கு. அதையே நோட்டில் எழுதினான்.

"பெட்டியக் கொண்டாங்க சாயம்மா."

"நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய போங்க."

"இல்ல, இருக்கேன்."

எலியைப் பெட்டிக்குள் விட்டு, வாயுக்குழாயை மெல்லத் திறந்தான். அது இருமுறை மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மார்பு ஏறி இறங்குவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு அவனே போனை எடுத்தான்.

"ஏழு போயிடுச்சு மேடம். முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."