தவக்காலத்தில் விழிக்க மறுத்த கணினி

1

பங்குனி முதிர்ந்திருந்தது. சிறுமலையின் நீலம் வெளிறிற்று. திண்டுக்கல் சமவெளி தன் நிழல்களையெல்லாம் மரத்தடிகளுக்குள் சுருக்கி வைத்துக்கொண்டது. தவக்கால வழக்கப்படி ஆலயத்துப் புனிதர் சுரூபங்கள் ஊதாத் துணிக்குள் மறைந்தன. காற்றும் நோன்பு பிடித்தாற்போல் அசைவற்றிருந்தது. இத்தகைய நாளொன்றில் கஸ்பார் என்னும் தமிழாசிரியர்...

(இவ்வளவு கம்பீரத்துக்குப் பின் "கணினியில் கோப்புகளை இடம் மாற்றினார்" என்று எழுதக் கை கூசுகிறது. ஆயினும் கதை அதுவே. கொடைரோடு பேருந்தில் என்னருகே அமர்ந்த ஒருவர் தம் கணினியைக் குறித்துப் புலம்பினார். அவருக்கு ஒரு மனைவியையும் பதினான்கு வெண்பாக்களையும் நானே அளித்தேன்.)

2

ஆண்டு 2003. பெரிய வெள்ளியன்று ஆலயப் பங்கு மக்கள் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களில் தலத்துக்கொன்றாகப் பாடவென்று கஸ்பார் அவ்வெண்பாக்களைத் தம் லினக்ஸ் கணினியிலேயே இயற்றியிருந்தார். தாளில் ஒரு படியும் இல்லை. இரண்டு நாளில் அச்சகத்தில் சேர்த்தாக வேண்டும்.

கணினியின் வன்தட்டில் இரு பகிர்வுகள், அதாவது தடுத்துப் பிரித்த இரு அறைகள், இருந்தன. முதலாவது விழித்தெழுந்து இரண்டாவதைத் திறக்கும். வெண்பாக்கள் இரண்டாவதில் இருந்தன. தாம் புலாலும் காப்பியும் துறந்திருக்க, முதற்பகிர்வு மட்டும் புடைத்திருந்தது அவரை உறுத்திற்று. அதற்கும் ஓர் ஒறுத்தல் வேண்டுமென்று, மிகையாகத் தோன்றியவற்றை இரண்டாவதற்கு மாற்றினார். அவற்றுள் ஒரு சிறு நிரல் காலையில் ஒருமுறை உழைத்துவிட்டு நாள் முழுதும் சும்மாயிருப்பது. சோம்பேறி என்று அதையும் தள்ளினார். இரண்டாவது பகிர்வைத் திறப்பதே அதன் ஒரே பணி.*

* இதை எழுதுகையில் எனக்குச் சிரிப்பு வந்தது. கஸ்பாருக்கு வரவில்லை.

3

மறுநாள் காலையில் கணினி பாதி விழித்து, திறக்கும் நிரலைக் காணோம் என்று கரிய திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. சின்னாளப்பட்டியில் கணினி கற்பிக்கும் தங்கை மகள் ஷைனியைத் தொலைபேசியில் அழைத்தார் கஸ்பார். எவற்றை நகர்த்தினார், எதற்காக என்று அவள் கேட்டாள்.

"தவக்காலம்ல தாயி. அதுவும் கொஞ்சம் ஒறுக்கட்டும்னுதான்."

மறுமுனையில் ஷைனி சொன்னாள்: "கதவத் தெறக்குற ஆளையே உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க மாமா."

அடுக்களையிலிருந்து மனைவி ஜெயமேரியின் குரல் வந்தது. "நீங்க கறி திங்கலைன்னா பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

[இவ்விடத்தில் கஸ்பாரின் அரைப்பக்க மறுமொழி இருந்தது. அவர்மீது எனக்கே நம்பிக்கை தளர்ந்ததால் நீக்கினேன்.]

மாலைப் பேருந்தில் ஷைனி வந்தாள். கணினியை வெளியிலிருந்து எழுப்பும் குறுந்தட்டொன்றைக் கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள் முறையாக அணைத்தாரா என்று கேட்டாள். செப மணி அடித்துவிட்டதால் சுவிட்சை அமர்த்திவிட்டு ஓடினாராம்.

"அப்ப உள்ள இருக்கது பொழச்சிருக்கான்னு தெறந்தாத்தான் தெரியும்."

4

முதல் முடிவு: பகிர்வு திறக்கிறது. வெளியிலிருந்து வரும் இறையருளைக் குறித்துக் கஸ்பார் பேசத் தொடங்க, ஷைனி கடைசிப் பேருந்தைத் தவறவிடுகிறாள். (அப்பெண் செய்த குற்றமென்ன? இம்முடிவை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: வெண்பாக்கள் அழிந்தன. கஸ்பார் நாற்காலியிலேயே...

இல்லை. எழுத மாட்டேன்.

குறுந்தட்டு சுழல்கிறது. ஷைனி விசையை அழுத்திவிட்டாள். திரையை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அதில் தோன்றுவதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறம் என்ன நடக்கிறதென்று மட்டும் நான் சொல்கிறேன்.

கஸ்பார் முழந்தாளிட்டிருக்கிறார். மாவுக் கையோடு வந்து நின்ற ஜெயமேரி, அவர் நாள்தோறும் உரக்கப் படித்துக் காதைத் துளைத்த ஆறாம் தலத்து வெண்பாவைத் தாழ்ந்த குரலில் தொடங்குகிறாள். ஒரு சீரும் பிசகவில்லை. அவர் கண்களை மூடி, அவளைத் தொடர்ந்து சொல்கிறார்.

இதுவரை பொறுத்து வந்த வாசகரே, உம் இல்லத்தில் எவரேனும் உம் சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பாராக. ஆமென்.